ஆளைப் பார்த்து எரியும் விளக்கு

எங்கள் வீட்டில் ஆயுத பூஜையன்று ஆளுக்கு ஒரு வேலை இருக்கும். மகள் பொரியையும் கடலையையும் கலந்து வைப்பாள், மகன் சைக்கிளைக் கழுவுவான், மனைவி சுண்டல் தாளிப்பாள். என்னை மட்டும் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார வைத்துவிடுவார்கள். சந்தனக் கிண்ணம் இருக்கும் திசையில் நான் காலெடுத்து வைத்தால் போதும், "அம்மா, அப்பா எந்திரிச்சிட்டாரு" என்று அடுப்படிக்குத் தகவல் போய்விடும். நாற்பதைத் தாண்டிய ஒரு பொறியாளருக்கு (டிப்ளமோதான்; கல்யாணப் பத்திரிகையில் பொறியாளர் என்று போட்டார்கள், நானும் மறுக்கவில்லை) இது அவமானம்தான். ஆனால் நான் அதற்குத் தகுதியானவன். ஒரு கிண்ணம் சந்தனத்தை வைத்துக்கொண்டு ஒரு சாலையையே இருட்டாக்கிய பெருமை ராமநாதபுரம் மாவட்டத்தில் எனக்கு மட்டும்தான் உண்டு.

நான் முதுகுளத்தூர்ப் பக்கத்து ஆள். மிளகாயும் சீமைக் கருவேலமும் விளையும் பூமி. மழையை நம்பி ஏமாந்த வருடங்களே அதிகம் என்பதால், மகனாவது வானத்தைப் பார்க்காத வேலைக்குப் போகட்டும் என்று அய்யா என்னைப் பாலிடெக்னிக்கில் சேர்த்தார். எலக்ட்ரானிக்ஸ் படித்து முடித்ததும் எனக்கு ஒரு வியாதி வந்தது. எதைப் பார்த்தாலும், இது ஏன் தானாக நடக்கவில்லை என்று தோன்றும் வியாதி. முதலில் எங்கள் கோழிக் கூண்டுக்குத் தானாக மூடும் கதவு ஒன்று செய்தேன். அது கோழிகளை வெளியே விட்டுவிட்டுச் சாத்திக்கொண்டது. அன்றைக்குக் கீரிப்பிள்ளைக்குத் தீபாவளி. அதிலேயே நான் திருந்தியிருக்க வேண்டும்.

திருந்தாமல் மதுரையில் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தேன். தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் கத்துகிற அலாரம் செய்து விற்கும் கம்பெனி. இரண்டாயிரத்து எட்டு வாக்கில், தமிழ்நாடு முழுக்க நேரம் காலம் இல்லாமல் கரண்ட் போய்க்கொண்டிருந்த காலத்தில், எங்கள் முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. ஆள் வந்தால் எரிந்து, ஆள் போனதும் அணைந்துவிடும் தெருவிளக்கு. மனித உடம்பின் சூட்டைத் தெரிந்துகொள்ளும் சென்சார் அப்போதுதான் கைக்கெட்டும் விலையில் வரத் தொடங்கியிருந்தது. யாருமே நடக்காத சாலைக்கு இரவு முழுக்க எதற்கு வெளிச்சம்? நடக்கிறவனுக்கு மட்டும் வெளிச்சம் கொடுத்தால் மின்சாரமும் மிச்சம், ஊருக்கும் பாதுகாப்பு. கேட்கும்போதே எனக்குப் புல்லரித்தது.

அய்யாவிடம் போனில் சொன்னேன். "இனிமே ஊரு தானா யோசிக்கும்யா."

அவர், "ஊரு யோசிச்சா ஒனக்கு அங்கன என்னலே வேலை?" என்று கேட்டார்.

இந்த விளக்கை முதலில் வாங்க ஒப்புக்கொண்டது தொண்டிக்கும் ராமநாதபுரத்துக்கும் நடுவில் கடலை ஒட்டிய ஒரு பேரூராட்சி. ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே இன்னும் என்னை அடையாளம் தெரிகிறவர்கள் இருக்கிறார்கள். ஆள் பிடித்துக் கொடுத்தவனும் நான்தான், ஏனென்றால் என் சொந்த அத்தை அந்த ஊரில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அய்யாவின் தங்கை, பாண்டியம்மாள் அத்தை.

பெரிய ரோட்டிலிருந்து ஊருக்குப் பிரியும் விலக்கில் பஸ்ஸை விட்டு இறங்கினால் ஊருக்குள் போக, ஊர் முனையில் மட்டும் கொஞ்சம் வளையும் ஒரு நேர்சாலை. இரண்டு பக்கமும் உப்பளம். ஒரு பக்கம் சாலையை ஒட்டியே, அளத்துக்குக் கடல்தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால். பகலில் கண் கூசும் வெள்ளை. அந்தி சாய்ந்தால் கையை நீட்டினால் கை தெரியாது. அந்தச் சாலையில்தான் அதற்கு மூன்று வருடங்களுக்கு முன்னால் மாமா இறந்துபோனார். சைக்கிளில் போனவர் மேல் உப்பு லாரி ஏறிவிட்டது. ஆள் தெரியவில்லை என்றான் டிரைவர். அவன் சொன்னது பொய்யில்லை என்று ஊரில் எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். அந்த நேரத்தில் அங்கே யாரையுமே தெரியாது.

மாமா அன்று கிளம்பியது அத்தைக்கு வெற்றிலை வாங்க. வீட்டில் வெற்றிலை தீர்ந்துவிட்டது என்று அத்தைதான் சொல்லியிருக்கிறாள். அதற்குப் பிறகு அத்தை வெற்றிலை போட்டு நான் பார்த்ததில்லை. "நான் கேக்காம இருந்திருந்தா" என்று ஒரு வாக்கியத்தை ஆரம்பிப்பாள். முடிக்கமாட்டாள்.

அத்தைக்கு ஒரே மகள், செல்வி. ராமநாதபுரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். அந்த வேலையை அவள் எப்படி நேசித்தாள் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சாப்பிடும்போது கூட அடுத்தவர் ரத்தத்தைப் பற்றித்தான் பேசுவாள். இரண்டு வருடத்தில் அந்த நிலையத்தில் அவளை நம்பித்தான் எல்லாம் என்று ஆகிவிட்டது. சாயங்காலம் கடைசியாக வரும் பஸ்ஸில் இறங்கி, அந்த இருட்டுச் சாலையில் தனியாக நடந்து வீட்டுக்கு வருவாள். அத்தை ஒரு டார்ச் லைட்டோடு விலக்குக்குப் போய் நிற்பாள். வர வர அத்தைக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. கடைசியில் ஒருநாள் தீர்த்துச் சொல்லிவிட்டாள்.

"ஒண்ணு அந்த ரோட்டுல வெளிச்சம் வரணும். இல்லாட்டி நீ வேலைய விட்டு நிக்கணும். இன்னொரு தரம் அந்த ரோட்டுல போயி பொணத்தத் தூக்க என்னால ஏலாது."

இந்தச் சமயத்தில்தான் நான் போய் இறங்கினேன். தாயும் மகளும் என்னைப் பார்த்த பார்வையில் எனக்குத் தலைக்குப் பின்னால் ஒரு ஒளிவட்டமே தெரிந்தது. "கவலப்படாதீங்க அத்தே, விஜயதசமியில இருந்து ரோடு பகலு மாதிரி இருக்கும்" என்றேன். (அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. செல்விக்கு முறைமாப்பிள்ளை. வாக்குக் கொடுப்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டுமா?)

பத்துக் கம்பம் நட்டோம். உச்சியில் விளக்கு. ஆள் நெஞ்சு உயரத்தில் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி. பெட்டியின் முகப்பில் பாதி முட்டையைக் கவிழ்த்த மாதிரி வெள்ளையாக ஒரு வட்டக் கண்ணாடி. அதுதான் சென்சார். அதற்கு முன்னால் ஆள் நடந்தால் விளக்கு எரியும், கடந்து போனதும் கொஞ்ச நேரத்தில் அணையும். பூஜைக்கு முந்தின வாரம் சோதித்துப் பார்த்தபோது குறையே சொல்ல முடியவில்லை. ஊரே வந்து நடந்து பார்த்தது. ஆடு நடந்தாலும் எரிந்தது, மாடு நடந்தாலும் எரிந்தது. குடித்துவிட்டு வந்த ஒருவர் விளக்கு தன்னைப் பின்தொடர்கிறது என்று பயந்து ஓட, ஓட ஓட எரிந்தது.

அத்தை எல்லாரும் போகும்வரை காத்திருந்து, ஒரு கம்பத்துக்கு முன்னால் மெதுவாகப் போய் நின்றாள். விளக்கு எரிந்தது. தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மேலே பார்த்தாள்.

"அவரு போனதுக்கப்பறம் ஒரு நல்லது கெட்டதுல யாரு என்னைய முன்னால நிக்க விட்டா? இது என்னையும் ஒரு ஆளுன்னு மதிச்சு எரியுதே அப்பு."

அந்த ஒரு நிமிடத்தோடு நான் மதுரைக்கு பஸ் ஏறியிருந்தால் இன்றைக்கு என் கையிலும் சந்தனக் கிண்ணம் இருந்திருக்கும்.

பேரூராட்சித் தலைவர் விஜயதசமி சாயங்காலத்தைத் திறப்பு விழாவுக்குக் குறித்தார். புதுக் காரியம் தொடங்க அதைவிட நல்ல நாள் கிடையாது. மாவட்டத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரியும் வருவதாக ஒப்புக்கொண்டார். விழாவில் நான்தான் விளக்கவுரை. அதை ஒரு வாரமாக மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன்.

முந்தின நாள் ஆயுத பூஜை. காலையிலேயே அத்தை ஒரு பெரிய கிண்ணத்தில் சந்தனம் அரைத்து எடுத்துக்கொண்டு சாலைக்கு வந்துவிட்டாள்.

"வீட்டுல அருவாமனைக்குப் பொட்டு வைக்கிறோம். அம்மிக்கு வைக்கிறோம். இம்புட்டுப் பெரிய மிஷினுக்கு வைக்காம விட்டா சாமி கேக்காதா?"

படித்தவன் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நான் தலையாட்டினேன். ஆயுதத்துக்குப் பொட்டு வைக்கக் கூடாது என்று எங்கள் பாலிடெக்னிக்கிலேயே யாரும் சொன்னதில்லை. அங்கே வோல்ட் மீட்டருக்குக் குங்குமம் வைத்து, முள் நிற்கும் இடமே தெரியாமல் இருக்கும். அதோடு அத்தையின் கை இந்தக் காரியத்துக்கு முதலில் வந்ததில் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

"எங்கன வைக்க?" என்றாள்.

கம்பத்துக்கு வைத்திருக்கலாம். பெட்டியின் மேல்பக்கத்தில் வைத்திருக்கலாம். பக்கவாட்டில் வைத்திருக்கலாம். உலகத்தில் எத்தனையோ இடம் இருந்தது. நான் அந்த வெள்ளை வட்டத்தைக் காட்டினேன். உருண்டையாக, வழவழப்பாக, பொட்டுக்கென்றே செய்த நெற்றி மாதிரி அது இருந்தது. "இங்கன வைங்க அத்தே. இதுதான் முக்கியமான எடம்" என்றேன்.

அத்தை குழைத்து வைத்தாள். முக்கியமான இடம் என்று சொன்னதால் கொஞ்சம் தாராளமாகவே வைத்தாள். கிண்ணத்தைக் கீழே வைக்கவும் எடுக்கவும் முழங்கால் வலியில் அவள் குனிந்து நிமிர்வதைப் பார்க்கப் பொறுக்காமல் மூன்றாவது கம்பத்திலிருந்து கிண்ணத்தை நானே வாங்கிக்கொண்டேன். நான் செய்தால் எதையும் திருத்தமாகத்தான் செய்வேன். ஓரம் தெரியாமல், மேடு பள்ளம் இல்லாமல், கொத்தனார் பூசுவதுபோல் வட்டம் முழுக்க மெழுகினேன். அத்தை பின்னாலேயே வந்து நடுவில் குங்குமம் வைத்தாள்.

ஒன்பது கம்பம் முடிந்தபோது சந்தனம் தீர்ந்துவிட்டது. பத்தாவது கம்பம் ஊர் முனையில், வாய்க்கால் ஓரத்தில் இருந்தது.

"செத்த இரு அப்பு. வீட்டுக்குப் போயி இன்னுங் கொஞ்சம் அரைச்சிட்டு வாரேன்" என்றாள் அத்தை.

எனக்குப் பசி. "ஒரு கம்பம்தானே அத்தே, விடுங்க. சாமி ஒண்ணும் எண்ணிப் பாக்காது" என்றேன்.

அத்தைக்கு மனசே இல்லை. அந்தப் பத்தாவது கம்பத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

இதற்குப் பிறகு ஒரே ஒரு தடவை விளக்கைப் போட்டுப் பார்த்திருந்தால் போதும். போடவில்லை. ஆயுத பூஜையன்று ஆயுதத்தைத் தொடக் கூடாது. உழவன் ஏரைத் தொடமாட்டான், பிள்ளைகள் புத்தகத்தைத் தொடமாட்டார்கள் (அதில் மட்டும் பக்தி அதிகம்), நான் மெயின் சுவிட்சைத் தொடவில்லை. சந்தனம் வெயிலில் காய்ந்து, கடல்காற்றில் இறுகி, பழைய சுவரில் காரை பிடித்த மாதிரி பிடித்துக்கொண்டது.

விஜயதசமியன்று இருட்டும் நேரத்தில் விலக்கில் பந்தல், மைக் செட், கொட்டுமேளம், பெஞ்சு நிறைய ஆட்கள். தலைவர் கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி சட்டையில் வந்தார். அவர் நடந்தால் வேட்டி சத்தம் போட்டது. சாலையின் அந்தக் கோடியில், கடைசிக் கம்பத்தைத் தாண்டி ஊர் முனையில், ஒருவரைச் சரவெடியோடு நிறுத்தி வைத்திருந்தார்கள். அவருக்கு ஒரே உத்தரவு: விளக்கு எரிந்ததும் வெடியைப் பற்ற வைக்க வேண்டும். செல்வி அன்றைக்கும் வேலைக்குப் போய்விட்டு அதே கடைசி பஸ்ஸில் வந்து இறங்கி, அத்தையோடு பந்தல் ஓரத்தில் நின்றாள். தோளில் பை. என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். நான் மெயின் சுவிட்சைப் போட்டேன். மைக்கைப் பிடித்தேன்.

"இது வெறும் விளக்கு அல்ல. இது உங்களை அறியும். நீங்கள் மனிதர் என்பதை உணர்ந்து தானே ஒளி தரும். தலைவர் அவர்கள் முதலில் நடக்க, சாலை அவரை வரவேற்கும்."

தலைவர் நடந்தார். பக்கத்தில் அதிகாரி. பின்னால் நான். எங்களுக்குப் பின்னால் ஊர். முதல் கம்பத்துக்கு முன்னால் போய்த் தலைவர் கும்பிட்டுக்கொண்டே நின்றார். போட்டோ எடுப்பவரும் தயாராக நின்றார். சாலை அவரை வரவேற்கவில்லை.

"கரண்டு போயிருச்சா?" என்றார் தலைவர்.

"இல்ல தலைவரே, மைக்கு வேலை செய்யிது" என்று மைக் செட்காரர் மைக்கிலேயே சொன்னார்.

"கொஞ்சம் அசைஞ்சு குடுங்க சார்" என்றேன் அதிகாரியிடம். அந்த மனிதர் பாவம், கையை ஆட்டினார். தலைவரும் ஆட்டினார். பிறகு நான் ஆட்டினேன். மூன்று பேரும் இருட்டில் நின்று, போகிற ரயிலுக்கு டாட்டா காட்டுவதுபோல ஒரு கம்பத்தைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தோம்.

"ஏலே, போன வாரம் ஆட்டுக்கு எரிஞ்சுச்சுல்ல?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஆட்டுக்கு எரியும். தலைவருக்கு எரியாது போல" என்று இன்னொரு குரல்.

தலைவர் என் பக்கம் திரும்பினார். முகம் தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது. "தம்பி, மனுசனக் கண்டாத்தான் எரியும்னீகள்ல. அப்ப நாங்கள்லாம் யாரு?"

"இந்தப் பெட்டியில எதோ கோளாறு தலைவரே. அடுத்ததுல எரியும்" என்றேன். அடுத்ததிலும் எரியவில்லை. அதற்கு அடுத்ததிலும் எரியவில்லை. விலக்கில் இருந்த பந்தல் வெளிச்சம் பின்னால் தேய்ந்துகொண்டே போனது. வழிகாட்டி என்ற முறையில் நான் தலைவரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, அடுத்தது, அடுத்தது என்று இழுத்துப் போய்க்கொண்டிருந்தேன். பின்னால் வந்த கூட்டத்துக்கு முன்னால் நடப்பது தெரியவில்லை, அதனால் நெருக்கினார்கள். கொட்டுமேளக்காரர்களிடம் நிறுத்தச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை, அதனால் அவர்கள் அடித்துக்கொண்டே வந்தார்கள். அந்த மாதிரி ஒரு ஊர்வலத்தை நான் சாவு வீட்டில்கூடப் பார்த்ததில்லை.

ஒன்பதாவது கம்பம் தாண்டியதும் சாலை கொஞ்சம் வளையும். பகலில் எனக்குத் தெரிந்த வளைவுதான். நான் நேராகப் போனேன். தலைவரும் என் நம்பிக்கையில் நேராக வந்தார். என் கால் கரையில் வழுக்கி நின்றுவிட்டது. அவர் கால் நிற்கவில்லை. வாய்க்காலுக்குள் ஆள் விழும் சத்தம் ஒன்றும் பெரிதாக இருக்காது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். சேறு அதிகமென்பதால் சத்தத்தை அதுவே வாங்கிக்கொள்ளும்.

அந்தக் கணத்தில் விளக்கு எரிந்தது.

பத்தாவது விளக்கு. பொட்டு வைக்காத விளக்கு. பகல் மாதிரி என்று நான் சொல்லியிருந்தேனே, அப்படியே எரிந்தது. இடுப்பளவு உப்புத் தண்ணீரில், கருப்புச் சேறு பூசிய சட்டையோடு, வெளிச்சம் பட்டதும் பழக்கத்தில் கும்பிட்ட கையோடு நின்றார் தலைவர். ஊர் முனையில் நின்ற வெடிக்காரர் உத்தரவுப்படி சரவெடியைப் பற்ற வைத்தார். பின்னால் வந்தவர்களில் பாதிப்பேர் கைதட்டினார்கள். போட்டோ எடுப்பவர் கடமை தவறவில்லை.

அதிகாரி ஜீப்பைப் பார்த்து நடந்தார். தலைவரை நான்கு பேர் தூக்கிவிட்டார்கள். அவர் என்னிடம் வேட்டியைப் பிழிந்துகொண்டே, "நாளைக்குப் பொழுது விடிஞ்சதும் வாங்க தம்பி, பேசுவோம்" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கூட்டம் சிரித்துக்கொண்டே கலைந்தது. அத்தை சிரிக்கவில்லை. செல்வியின் பையைத் தன் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "நாளைல இருந்து நீ போக வேணாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, யார் கையையும் பிடிக்காமல் வீட்டைப் பார்த்து நொண்டிக்கொண்டு நடந்தாள்.

நான் ஒன்பதாவது கம்பத்தடியில் போய் உட்கார்ந்தேன். செல்வி வந்து நின்றாள். தன் கைப்பேசி வெளிச்சத்தைப் பெட்டியின் மேல் அடித்துப் பார்த்தாள். பரிசோதனை நிலையத்துப் புத்தி. எதையும் கிட்டே வைத்துப் பார்க்காமல் விடாது. நகத்தால் சந்தனத்தைச் சுரண்டினாள். ஒரு சில்லு பெயர்ந்து விழுந்தது. இன்னொரு சில்லு. தலைக்கு மேல் விளக்கு எரிந்தது.

அவள் எட்டாவது கம்பத்துக்குப் போனாள். சுரண்டினாள். எரிந்தது.

"அத்தான், இத யாரு பூசுனது?"

"நாந்தான்."

"அம்மாவுமா?"

நான் அத்தை போன பக்கம் பார்த்தேன். அவளுக்குத் தெரிந்துவிட்டது. நகத்தில் ஒட்டிய சந்தனத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மாகிட்ட சொல்லிறாதீக. வெத்தலைக்கே இன்னும் வெளிய வரல அது. இந்த வெளக்கையும் தன் கையாலதான் அணைச்சோம்னு தெரிஞ்சா, மிச்ச நாளு பூரா அதையுஞ் சேத்துச் சொமக்கும்."

"தலைவர்ட்ட மட்டும் சொல்றேன். தொடைச்சிட்டா எரியப் போகுது. ஒனக்கு வேலை போகாது" என்றேன். அவள் என்னை நம்பின மாதிரிதான் தலையாட்டினாள். இரண்டு பேருமாக ஒவ்வொரு கம்பமாகத் துடைத்துக்கொண்டே விலக்கு வரைக்கும் போனோம். திரும்பி வரும்போது பத்து விளக்கும் எங்களைப் பார்த்து வரிசையாக எரிந்தன. பார்க்க ஊரில் ஒரு ஆளும் இல்லை.

மறுநாள் காலையில் தலைவர் வீட்டில் நடந்ததைச் சொன்னேன். அத்தை பெயரை விட்டுவிட்டு, பூசியது நான் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"சரி, சந்தனத்தத் தொடைச்சாச்சு. நாளைக்கு காக்கா எச்சம் போடும். தை மாசம் பனி எறங்கும். இங்கன அடிக்கிற உப்புக் காத்துக்கு எங்க வீட்டுக் கதவுக் கொண்டியே வருசத்துக்கு ஒருக்கா உதுருது. ஒவ்வொரு கண்ணுக்கும் தெனமும் ஒரு ஆளு தண்ணி தெளிச்சுத் தொடைக்கணும். அந்த ஆளு ஒரு சுவிட்சப் போட்டுட்டுப் போயிட மாட்டானா தம்பி?"

(இன்று பெரிய நகரங்களில் வைக்கிற புத்திசாலி விளக்குகளைப் பற்றி யார் பேசினாலும் நான் முதலில் கேட்பது, துடைக்கிறது யார் என்றுதான். கூட்டத்தில் என்னைத் தேநீர் குடிக்க அனுப்பிவிடுகிறார்கள்.) சுவிட்சாவது வைத்து அந்தச் சாலையிலேயே விளக்கை விடுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன். வாய்க்காலில் நின்ற போட்டோ அதற்குள் டீக்கடைக்கு வந்துவிட்டிருந்தது. அந்தச் சாலையின் பேரைக் கேட்கவே அவருக்குப் பிடிக்கவில்லை. விளக்குகளைக் கழற்றி, ஏற்கெனவே வெளிச்சமாக இருந்த கடைத்தெருவில் மாட்டினார்கள். பெட்டிகளை ஒரு சாக்கில் போட்டு என்னிடமே கொடுத்தார்கள்.

சாக்கோடு அத்தை வீட்டுக்குப் போனபோது செல்வி வாசலில் நின்றாள். என் முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய், பரிசோதனை நிலையத்துக்குப் போட்டுப் போகும் அந்த வெள்ளைக் கோட்டைத் துவைத்துக் காயப்போட்டாள். திருப்பிக் கொடுக்க வேண்டுமே.

அவள் அதற்குப் பிறகு வேலைக்குப் போகவே இல்லை. அடுத்த வருடம் எங்களுக்குக் கல்யாணம் ஆனது. மதுரைக்கு வந்த பிறகு வேலை தேடலாம் என்றேன். தேடினாள். கொஞ்ச நாள் விட்டாலே அந்தத் தொழிலில் எல்லாம் மாறிவிடுகிறது என்று சொன்னார்களாம். பிறகு பிள்ளைகள் வந்துவிட்டார்கள். அந்த உப்பளச் சாலைக்கும் பின்னாளில் விளக்கு வந்தது. சாதாரண விளக்கு, சாதாரண சுவிட்ச். யார் நடந்தாலும் நடக்காவிட்டாலும் எரிகிறது. அதைக் கேள்விப்பட்ட அன்று செல்வி, "நல்லதாப் போச்சு" என்றாள். எனக்கு அந்த வார்த்தையைக் கேட்கவே பிடிக்கவில்லை.

அத்தை இப்போது எங்களோடுதான் இருக்கிறாள். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் பேரப்பிள்ளைகள் அவளைச் சுற்றி உட்கார்ந்து அந்தக் கதையைக் கேட்பார்கள். தலைவர் வாய்க்காலில் விழுந்த இடத்தில் உருண்டு உருண்டு சிரிப்பார்கள். கடைசியில் அத்தை தன் முடிவைச் சொல்வாள்.

"பத்துக் கம்பத்துல ஒன்பதுக்குச் சந்தனம் வச்சோம். ஒண்ணு விட்டுப் போச்சு. அதுக்குக் கோவம் வருமா வராதா? மத்த ஒன்பதையும் எரிய விடாம அமுக்கிப்பிட்டு, தான் மட்டும் எரிஞ்சு காட்டுச்சு. செத்த இரு அப்பு, அரைச்சிட்டு வாரேன்னு ஒங்கப்பன்ட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேன். பசிக்கிதுன்னான். ஒண்ண விட்டவன் கையில இனிமே கிண்ணத்தக் குடுக்கலாமா?"

"குடுக்கக் கூடாது" என்று பிள்ளைகள் ஒரே குரலில் சொல்வார்கள். நானும் சேர்ந்து சொல்வேன்.

இந்த வருடமும் அத்தைதான் பூசினாள். மிக்சி, ஸ்கூட்டர், மகனின் சைக்கிள், கடைசியில் என் கைப்பேசி. இப்போது அவளுக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. பின்பக்கத்தைத் தடவிப் பார்த்து, கேமராவின் வட்டக் கண்ணாடி கைக்குத் தட்டுப்பட்ட இடத்தில் தாராளமாக வைத்து, "ஒண்ணும் விட்டுப் போகலையே?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் விடலம்மா" என்றாள் செல்வி. அத்தை அந்தப் பக்கம் திரும்பியதும் கைப்பேசியை எடுத்து, நகத்தால் சந்தனத்தைச் சுரண்டி, சேலைத் தலைப்பால் துடைத்து என்னிடம் கொடுத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.